குத்துவிளக்கும் மலர் வளையமும்

எங்கள் தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவையும் போர் நினைவிடங்களுக்குப் போவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளும். காலையில் நாங்கள் குடியிருக்கும் வெளிமாநில ராணுவ ஊரான கட்கியில் கோலம், நடனம், வடை. மதியம் பஸ்ஸில் ஏறி வீரர்களுக்கு அஞ்சலி.

அந்த வருடம் நான்தான் மண்டபம் கூட்டி, குத்துவிளக்கைத் துலக்கி, திரி போட்டேன். ஏற்றும் நேரத்தில் செயலாளர் என் அருகே வந்து குனிந்தார்.

"கொஞ்சம் பின்னாடி உக்காந்துக்கோங்கம்மா. மங்கல காரியம். தப்பா நினைக்காதீங்க."

என் கணவர் எல்லையில் இறந்தவர். விதவை விளக்கேற்றக் கூடாதாம். துலக்கலாமாம். செயலாளரின் மனைவி பட்டுப்புடவை சரசரக்க வந்து ஏற்றினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன்.

மதியம் முதலில் கட்கியின் பழைய போர்க் கல்லறைத் தோட்டம். அங்கே பிள்ளைகள் செல்ஃபி எடுத்தார்கள். அடுத்து, என் கணவரின் பெயர் கல்லில் பொறித்திருக்கும் நினைவிடம். அங்கே ஒரு கர்னல் காத்திருந்தார். போட்டோகிராஃபரும் தயார். இப்போது செயலாளருக்கு நான் தேவைப்பட்டேன். "முன்னாடி வாங்கம்மா, வாங்க" என்று மலர் வளையத்தை என் கையில் திணித்தார்.

வாங்கிக்கொண்டேன். நேராக அவர் மனைவியிடம் போய் நீட்டினேன். கர்னலிடம் இந்தியில், "எங்கள் சங்கத்தில் எதையும் தொடங்கி வைப்பவர் இவர்தான். இதையும் இவரே வைக்கட்டும்" என்றேன். கர்னல் மரியாதையாகத் தலையசைத்து வழிவிட்டார்.

அவள் முகம் வெளுத்துப்போனது. "அக்கா, சுமங்கலி இதைத் தொடலாமா? வேணாங்க்கா."

"காலையில ஒதுங்கச் சொன்னாங்க, ஒதுங்கினேன். இப்ப நீ முன்னாடி போ."

கர்னல் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் மனைவியையும் கர்னலையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நெற்றி வியர்த்ததைப் பார்க்க எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அவள் ஒரு கையால் தாலியைப் பிடித்தபடி, மறுகையால் வளையத்தை இழுத்துக்கொண்டு போய்க் கல்லடியில் வைத்தாள். உதடுகள் ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தன.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் அழுதுகொண்டே கணவரின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். எனக்குத் துளிகூடப் பாவமாக இல்லை. புருஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற அந்தப் பயத்தோடுதான், என் கணவர் எல்லையில் இருந்தவரை, நான் தினமும் படுத்து எழுந்தேன். அவளுக்கு ஒரு நாள்தானே.