நெடுங்கேணிக் காட்டுவழிக்கு இரண்டு அவுன்சுக் கத்தி

காட்டுநடைக்கு எந்தக் கத்தி நல்லது என்று இந்த வலைப்பதிவுக்கு அடிக்கடி கேள்வி வருகிறது. எனக்கு அதற்குப் பதில் கிடைத்தது அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆனி மாதத்தில். குடியேற்றத் திட்டத்தில் வயல் பிரித்துக் கொடுப்பதற்காக நெடுங்கேணி அரசாங்க அலுவலகத்தில் காணிக் கச்சேரி வைத்தார்கள். அக்காவின் கணவர் செல்லத்துரை அத்தானும் விண்ணப்பித்திருந்தார். பகல் இரண்டு மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் நேரில் நிற்காவிட்டால் காணி அடுத்தவருக்குப் போய்விடும். ஆயுள் முழுக்க யாருடையதோ தோட்டத்தைக் குத்தகைக்குச் செய்தவர் அவர். துணைக்கு நான் போனேன்.

முதல்நாள் ஆயுதங்களையெல்லாம் கடைத் தராசில் வைத்து நிறுத்தேன். கைக்கோடாலி மூன்று இறாத்தல். காட்டுக்கத்தி ஒன்றே முக்கால். மடக்கி மடியில் செருகும் வில்லுக்கத்தி இரண்டு அவுன்சு. மூன்றையும் கட்டினேன். அத்தான் பார்த்தார்.

"காடு வெட்டவோ போறம், தம்பி? உதுகளைக் காவினா நாளைக்குத்தான் போய்ச் சேருவம்."

வில்லுக்கத்தி மட்டும் மிஞ்சியது. எனக்கு முகம் தொங்கிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

காலை எட்டு மணிக்குப் புளியங்குளத்தில் ரயிலை விட்டு இறங்கினால் பஸ் போய்விட்டது. நெடுங்கேணி ஏறக்குறைய பன்னிரண்டு மைல். பத்துச் சதத்துக்கு ஆளுக்கொரு பிளேன்ரீ குடித்தோம். காட்டுப்பாதையால் போனால் இரண்டு மைல் மிச்சம் என்றார் தேநீர்க் கடைக்காரர். கை வீசி நடந்தோம். கோடாலி இல்லாத தோள் எவ்வளவு சுகம் என்று நான் வாய் திறந்து சொல்லவில்லை.

பதினொன்றேகால் மணிக்கு, காடு வெட்டிச் சுட்டுப் பயிரிட்ட ஒரு சேனையின் வேலியோரம் அத்தான் குப்புற விழுந்தார். பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணி கணுக்காலை இறுக்கியிருந்தது. அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். வில்லுக்கத்தியால் கம்பியை அறுக்கப் பார்த்தேன், கத்தியின் முனைதான் உடைந்தது. கோடாலியை விட்டுவந்ததற்காக அவரைத் திட்டவும் செய்தேன். ஒரு மணி நேரம் இப்படியே போனது. கால் வீங்கியது.

"நீயாவது ஓடிப்போய்ச் சொல்லன்," என்றார் அத்தான்.

"உங்களைத்தானே அத்தான் கேப்பினம்? நான் போய் என்ன செய்ய?"

எங்கள் சத்தம் கேட்டுச் சேனைக்காரப் பெண் ஒருவர் ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும்.

"இழுக்காதேங்கோ! இழுக்க இழுக்க இறுகும். காலைக் கட்டைப் பக்கம் தள்ளுங்கோ."

கம்பி கட்டியிருந்த கட்டையை நோக்கி அத்தான் காலை நகர்த்தினார். அந்தப் பெண் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த முள்ளுவாங்கியை, அதுதான் காலில் தைத்த முள்ளை எடுக்கும் சின்ன இரும்பு ஊசியை, சுருக்கின் கண்ணுக்குள் விட்டு நெம்பினார். கம்பி வழுகிக் கழன்றது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"கம்பியை வெட்டப் பாத்தியளோ? நாளைக்குப் பன்றி வந்தா ஆர் மறிக்கிறது?" என்று அவர் ஏசியது எனக்கு ஆசீர்வாதம் போல இருந்தது. கோடாலி இருந்திருந்தால் அந்த அவசரத்தில் நான் கம்பியோடு காலையும் கொத்தியிருப்பேன்.

மீதி இரண்டு மைலும் அத்தான் என் தோளில் தொங்கிக்கொண்டு நொண்டினார். அன்று நான் சுமந்த ஒரே பாரம் அவர்தான்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். ஒரு மடக்குக் கத்தி போதும், வீட்டிலேயே தீட்டிக்கொள்ளுங்கள். ஒரு முள்ளுவாங்கி, ஒரு முழக் கயிறு, காயம் கட்டத் துணி. எல்லாம் சேர்ந்து கால் இறாத்தல் வராது. கண்ணியில் அகப்பட்டால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு யோசியுங்கள், பிறகு கத்தியைத் தேடலாம். வேலியோரம் நடக்காதீர்கள். பாரத்தைக் குறையுங்கள், கையிலிருக்கும் நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள். நாங்கள் கச்சேரி வாசலை மிதித்தபோது மணி இரண்டாக ஏழு நிமிடம் இருந்தது. முதல் பெயரே அத்தானுடையது. "நிக்கிறன் ஐயா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கச்சேரியே சிரித்தது. நான் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன்.