ஒன்றரைக் கண் ராணி

ஒவ்வொரு வருஷமும் நவராத்திரிக்கு முதல் நாள், டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய மல் துணியைப் பிரித்து அந்த ராணி பொம்மையை வெளியே எடுத்ததும், பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான்: இவள் எங்கே பார்க்கிறாள்? ஜோடியாக வரும் ராஜா நேராகத்தான் பார்க்கிறான். தீர்க்கமான கண், இமை முடியைக்கூட எண்ணிவிடலாம். ராணிக்கும் நெற்றிச் சுட்டி, ஒட்டியாணம், புடவைக் கரை எல்லாம் அதே கைதான் எழுதியது, அதே தங்க ரேக்குதான். கண் மட்டும் வேறு. வலது கண் பெரியது, இடது கண் அதில் பாதி, இரண்டும் ஆளுக்கொரு திசையில் போகின்றன. சுத்தமான ஒன்றரைக் கண். போதாததற்கு இடது கன்னத்தில் சுண்டைக்காயளவு ஒரு கறுப்பு. என் பெரிய பையன் சின்ன வயதில், ராணி சுண்டல் சட்டியைப் பார்க்கிறாள் என்பான். மைசூர் விஜயநகரில் எங்கள் எதிர்வீட்டு அம்மாள், புருஷனை நேரே பார்க்க வெட்கம் என்பாள். அவரவர்க்குத் தோன்றியதைச் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். எனக்கே அந்தக் கண்ணைப் பற்றிப் பதில் கிடைக்காத கேள்வி ஒன்று இருந்தது. பதில் தெரிந்தவர் என் ஓர்ப்படி. என் கணவருடைய அண்ணன் மனைவி. அவரோ வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் ஹனூர்க்காரி. அப்போது ஹனூர் கோயமுத்தூர் ஜில்லா, வெள்ளைக்காரன் சீமை. மைசூரோ மகாராஜா சீமை. கொள்ளேகால் வழியாகக் கரிப்புகை கக்கும் பஸ்ஸில் ஏறி, உடம்பெல்லாம் கரியாகி, மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு நீளமான வீட்டுக்கு மருமகளாக வந்து இறங்கினேன். வந்த இரண்டாம் நாளே ஒன்றைக் கவனித்துவிட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஏனம் கழுவியானதும், ஓர்ப்படி கையைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போவார். அங்கே அரிசி மூட்டை போடும் அறை. போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார். வரும்போது புளியங்கரி வாசனையும் பிசின் வாசனையும் கூடவே வரும். சில நாள் விரல் நுனி மின்னும். எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மூன்றாம் நாள், காய வைத்த மிளகாயை எடுத்துவைக்கிற சாக்கில் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். "பூனை மாதிரி நிக்காதே, உள்ளே வா புட்டி" என்றார். கன்னடத்தில் சின்னப் பெண்ணைச் செல்லமாகக் கூப்பிடுவது அது. கடைசிவரை எனக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர்.

அரிசி மூட்டைகளுக்கு நடுவில் அப்படி ஓர் உலகம் இருக்கும் என்று யார் கண்டது? கொட்டாங்கச்சி கொட்டாங்கச்சியாக வர்ணம். புளியங்குச்சியைச் சுட்டு எடுத்த கரித்துண்டுகள். அணில் வால் முடியைப் பட்டு நூலால் கட்டிய தூரிகைகள். மிகச் சன்னமானதில் நாலைந்து முடிதான் இருக்கும். வெள்ளைப் பொடியைப் பிசினில் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, நகைகள் வரவேண்டிய இடத்தில் மேடாக எழுதி, அது காய்கிற சமயம் பார்த்துத் தங்க ரேக்கை ஒட்டுவார். ஒட்டும்போது மின்விசிறியா பிரச்சினை, அந்த வீட்டில் ஏது? என் மூச்சுதான் பிரச்சினை. "இந்தப் பக்கம் திரும்பி மூச்சு விடு, ரேக்கு பறக்குது" என்பார். அவர் பிறந்த வீடு படம் எழுதுகிறவர்களின் சந்தில் இருந்ததாம்; ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாராம். வீட்டில் யாரும் அதை வேலை என்று சொல்ல மாட்டார்கள். மாமியார் அதற்கு வைத்திருந்த பெயர் "பெரியவளோட கிறுக்கல்". ஆனால் சாமி அறையில் இருந்த படம் அத்தனையும் அந்தக் கிறுக்கல்தான்.

எல்லாவற்றையும் எனக்குக் காட்டினார், ஒன்றைத் தவிர. எந்தப் படமானாலும் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார். அன்று தலைக்குக் குளித்து, எதுவும் சாப்பிடாமல் உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொள்வார். நான் கெஞ்சியும் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். நடக்கவில்லை. "கண்ணு திறக்கும்போது அது முதல்ல யாரைப் பார்க்குதோ, அவங்கதான் அதுக்கு அம்மா. நீ குறுக்கே வந்து நிக்காதே" என்றார். மற்றதில் எல்லாம் விட்டுக்கொடுக்கிற மனுஷி, கண் விஷயத்தில் அப்படி ஒரு கர்வம்.

ஆனி மாதம் ஒரு நாள் மாமியார், பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்கக் கொலுப் பெட்டிகளை முற்றத்தில் பிரித்தார். மைசூர்க் கொலுவில் மேல்படி பட்டத்து ராஜா ராணி ஜோடிக்கு. ஒவ்வொரு மருமகளும் தன் அம்மா வீட்டிலிருந்து மரத்தில் செய்த ஒரு ஜோடி கொண்டுவர வேண்டும். அம்மாவே அலங்காரம் செய்து அனுப்ப வேண்டும். மாமியார் ஜோடி இருந்தது, ஓர்ப்படி ஜோடி இருந்தது. மாமியார் தலையைத் தூக்காமலே கேட்டார்: "உன் தவருமனை ஜோடி எப்போம்மா வருது?" தவருமனை என்றால் பிறந்த வீடு. அவர் வாயில் பாதிச் சொல் கன்னடம்தான். நான் விழித்தேன். எங்கள் ஊரில் விவசாயம் செய்கிற வீடுகளில் கொலு ஏது, ஜோடி ஏது? "ஜோடி இல்லாம எப்படிப் படி ஏறுவே? தெருவே வந்து பார்க்குமே. உங்கம்மா கை பட்டதா இருக்கணும், ஆமா. கடையில வாங்கி வந்து நிறுத்தறது நம்ம மனையில இல்லே" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். திட்டவில்லை, குத்திக் காட்டவில்லை. அவரைப் பொறுத்தவரை அது மழை பெய்யும் என்பது போல ஒரு சங்கதி. எனக்கு அப்படி இல்லை. என் கௌரவம்கூடப் பரவாயில்லை. கொலு பார்க்க வருகிற பெண்கள் எங்கள் அம்மாவைப் பற்றி, ஒரு ஜோடிகூட அனுப்பத் தெரியாத பட்டிக்காடு என்று பேசிவிடக் கூடாதே என்பதுதான் எனக்கு.

அறையில் போய் ஓர்ப்படியிடம் அழுதேன். அவர் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்தார். செம்மரத்தில் செதுக்கிய ஜோடி. வர்ணம் பூசாத வெறும் மரம். "பொண்ணு பொறந்தா அவளுக்குக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். பொறந்தது மூணும் தடியன்களாச்சே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டார். ஆனி முடிவதற்குள் ராஜாவுக்குத் தலைப்பாகை வந்தது, ராணிக்கு வைரமூக்குத்தி வந்தது, ரேக்கு மின்னியது. ஒரு நாள் தலைக்குக் குளித்துக் கதவைத் தாழிட்டு ராஜாவின் கண்ணைத் திறந்தார். ராணிக்கு எப்போது என்று நான் கேட்டபோது தூரிகையைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "ஆடிக்கு ஊருக்குப் போறேல்ல, எடுத்துட்டுப் போ. ராணிக்கு உங்கம்மா கண்ணு போடட்டும்."

"அக்கா, எங்கம்மா தூரிகையைக் கண்ணால பார்த்ததுகூட இல்லீங்க."

"அதனால என்ன? உடம்பு பூரா என் கை. கண்ணும் நானே போட்டா இது உன் தவருமனை ஜோடி இல்லே, என் ஜோடி. பொய்யைக் கொண்டுபோய் மேல்படியில நிறுத்தச் சொல்றியா?"

தன் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே இதுதான் சிறந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கண்ணைத்தான், நாற்று நடுகிற கை ஒன்றுக்கு விட்டுக்கொடுத்தார்.

ஆடிக்கு ஊருக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏஞ்சாமி, நானு மாட்டுக் கொம்புக்குச் சாயம் அடிச்சிருக்கறன். ராணிக்குக் கண்ணெழுத என்னையக் கூப்புடறாங்களா?" தூரிகையை வாங்கி, விளக்குமாறைப் பிடிப்பதுபோல் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது நமக்கு ஆவாது அம்மிணி." பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஆமணக்கெண்ணெய் விளக்கில் தானே பிடித்த மைச்சிமிழை எடுத்துக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள். ராணியைக் காலில் கிடத்தி, தலையை இடது கையில் தாங்கி, மோதிர விரலில் மையைத் தொட்டு, வலது கண், இடது கண் என்று இழுத்தாள். என்னை, என் தம்பியை, தெருவில் இருந்த அத்தனை குழந்தைகளையும் போட்டு மை தீட்டின அதே கை. இழுத்து முடித்த வேகத்திலேயே, விரலில் மிச்சமிருந்த மையைக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டாக அழுத்திவிட்டாள். அதற்கப்புறம்தான் தான் செய்தது அவளுக்கே உறைத்தது. "அட, கைப் பழக்கத்துல வெச்சுப்போட்டனே. அழிச்சுப்போடட்டுமா?" அழிக்க முடியவில்லை, முகத்துக்குப் போட்டிருந்த வெள்ளைப் பூச்சு மையைக் குடித்துவிட்டது. ஓர்ப்படி கண் திறப்பதைப் பார்க்கத் தவமிருந்த எனக்கு, கடைசியில் பார்க்கக் கிடைத்தது இதுதான்.

ஆடி கழிந்து திரும்பி வந்ததும், யாருக்கும் காட்டாமல் ராணியை அறைக்குக் கொண்டுபோனேன். ஓர்ப்படி துணியை விலக்கினார். அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். "நீ வெளியே போ" என்றார். கதவு தாழ்போடும் சத்தம் கேட்டது. நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். சுரண்டுகிற கத்தியைத் தேடுகிறார், தூரிகையைத் தண்ணீரில் அலசுகிறார் என்பதெல்லாம் காதில் விழுந்தது. சரிசெய்துவிடுவார் என்று ஒரு மனம் நிம்மதிப்பட்டது. அம்மா போட்ட கண் போய்விடுமே என்று இன்னொரு மனம் அடித்துக்கொண்டது. பிறகு உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவரில் ஏறிய பிறகு கதவு திறந்தது. ராணி அப்படியே இருந்தாள். ஒன்றரைக் கண்ணும் இருந்தது, பொட்டும் இருந்தது; மேலே வார்னிஷ் மட்டும் ஈரமாக மின்னியது. ஏன் தொடவில்லை என்று கேட்டேன். "அது முடிஞ்ச வேலை" என்றார். அவ்வளவுதான்.

நவராத்திரி முதல் நாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்திருக்க, நான் துணியைப் பிரித்தேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமியார் ராணியைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஒட்டியாணத்தில் அவர் பார்வை ஒரு கணம் நின்றது. பிறகு நிமிர்ந்து, கதவோரம் நின்ற ஓர்ப்படியின் விரல்களைப் பார்த்தார். போச்சு, எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். மாமியார் மறுபடி பொம்மையின் முகத்துக்கு வந்தார். தன் கட்டைவிரலால் அந்தக் கன்னத்தை மெள்ளத் தடவினார்.

"நகை யாரு எழுதினாங்கன்னு நான் கேக்க மாட்டேன்" என்றார். "மரப்பொம்மைக்குக்கூடத் திருஷ்டி பட்டுடுமோன்னு பயப்படறது பெத்தவ ஒருத்திதான். தவருமனை ஜோடிதான் இது, ஹௌது, ஆமா. மேலே வைம்மா."

நான் படியேறி வைத்தேன். சிரித்த பெண்மணி அதன் பிறகு சுண்டல் வாங்கிக்கொள்ளும்வரை வாய் திறக்கவில்லை. அன்று ராத்திரி ஆசைதீர அழுதேன், சந்தோஷத்தில்தான்.

ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அம்மாதான் கண் போட வேண்டும் என்று சொன்னவரே, கத்தியை எடுத்தது நிஜம். எடுத்தவர் ஏன் கீழே வைத்தார்? கதவுக்கு அந்தப் பக்கம் என்னதான் நடந்தது? முருங்கைக்கீரை ஆயும்போது கேட்டிருக்கிறேன், அவருக்கு உடம்பு முடியாமல் கால் பிடித்துவிடும்போதும் கேட்டிருக்கிறேன். "இவளுக்கு இன்னும் அது செரிக்கலையா" என்று சிரிப்பாரே தவிர, சொன்னதில்லை.

இப்போது எங்கள் விஜயநகர் வீட்டின் முன்னறை என் மருமகளுடையது. கன்னடக்காரி, தமிழைக் கடித்துக் கடித்துப் பேசுவாள். கண்ணாடியில் படம் எழுதுவாள், களிமண்ணில் காதணி செய்வாள், மேஜையில் குழாய் குழாயாக வர்ணம் பிதுங்கிக் கிடக்கும். கதவைச் சாத்தவே மாட்டாள், அதுதான் அந்த அறைக்கும் இந்த அறைக்கும் வித்தியாசம். இந்த வருஷம் ராணியின் புடவைக் கரையில் ரேக்கு உரிகிறது என்று சொல்லி, பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கின் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தே, அப்படியே கண்ணையும் சரி பண்ணிடட்டா? கன்னத்துல அழுக்கு வேற இருக்கு" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "இல்லே, இருங்க" என்று குனிந்தாள். "இது அழுக்கில்லே அத்தே. இங்கே மட்டும் ரெண்டு மூணு தடவை வார்னிஷ் போட்டிருக்காங்க. அடியில பாருங்க."

கண்ணாடி வழியே பார்த்தேன். சுண்டைக்காயளவு கறுப்பு, கண்ணாடியில் வட்டில் அளவுக்கு விரிந்தது. அதற்குள்ளே வளைவு வளைவாகக் கோடுகள், சுழிந்து சுழிந்து நடுவில் போய் முடிகின்றன. விரல் ரேகை. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்புகூடத் தெரிந்தது. அரிவாள் பட்டதாக இருக்கும்.

என் அம்மாவுக்குப் போட்டோ கிடையாது. எடுத்ததே இல்லை. அவள் முகம் எனக்கே இப்போது அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. அந்த மூடிய அறையில் ஓர்ப்படி கத்தியோடு குனிந்தபோது இதைத்தான் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுக் கத்தியை வைத்துவிட்டு, இது அழியக் கூடாது என்று மேலே மேலே பூசியிருக்கிறார். நீயாகப் பார்க்கிறபோது பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. இத்தனை நோண்டுகிற எனக்கு, இத்தனை வருஷம் கையில் எடுத்தும் தெரியவில்லை. மருமகள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். நான் என் மோதிர விரலை அந்தப் பொட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். என் விரல் அதை முழுதாக மூடவில்லை. அம்மாவின் விரல் என்னுடையதைவிடப் பெரிது.