கொல்லிமலையில கூடைக்குள்ள போன இன்சுலின்

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கலீங்க. கொல்லிமலைக்கு ஜெபக் கூட்டத்துக்குப் போலாம்னு இருக்கறவிங்க, இதப் படிச்சுட்டு அப்பறம் வண்டி ஏறுங்க.

போன சனிக்கிழமை போனோம். எந் தங்கச்சி எஸ்தருக்குச் சக்கரை, ரெண்டு வேளையும் இன்சுலின். கால்ல ஒரு புண்ணு ஆறவே மாட்டேங்குது. வாசலூர்பட்டிப் பக்கம் ஒரு தீர்க்கதரிசி வாராரு, ஆளப் பாத்ததும் மனசுல இருக்கறதச் சொல்லிப்போடறாருன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு. "அக்கா, நீயும் வா"ன்னா. கெளம்பிட்டேன்.

சேந்தமங்கலத்துல காலையில ஆறரைக்கு வேன். போக வர ஆளுக்கு முந்நூறு ரூவா. காரவள்ளி தாண்டுனா எழுபது கொண்டை ஊசி வளைவுங்க! வாந்தி வாரவிங்க முன் சீட்டப் புடிச்சுக்கங்க, கையில எலுமிச்சம்பழம் வெச்சுக்கங்க. எனக்கு வாந்தி வல்ல, பேச்சுதான் வந்துச்சு.

பக்கத்துல ஷீலான்னு ஒரு சிஸ்டர். கூட்டம் நடத்தறவிங்களோட ஆளு. "ஜெபக் குறிப்பு சொல்லுங்கம்மா, ஜெபிச்சுக்கிட்டே போலாம்"னாங்க. நம்ம வழக்கம் அதானுங்களே, குறிப்பக் கேட்டுக்கிட்டுத்தான் முழங்கால் போடுவோம். எஸ்தர் தூங்கிட்டு வந்தா. நான் கடகடன்னு ஒப்பிச்சேன். அவளோட இடது கால் புண்ணு, இன்சுலினு, எம் பையனுக்குக் கரூர்ல பேசி வெச்ச பொண்ணு, வைகாசியில கல்யாணம்னு ஒண்ணு உடல. ஒவ்வொண்ணுக்கும் "ஆமென், ஆமென்"னாங்க.

ஒம்போது மணிக்குச் செம்மேட்டுல டீ. அங்கதான் போனுக்கு டவர் கெடைச்சுது. பையன் கூப்பிட்டான். "அம்மா, கரூர்க்காரங்க வேண்டாம்னுட்டாங்க. பொண்ணுக்கு இஷ்டமில்லையாம்." டீய அப்படியே வெச்சுட்டேனுங்க. எஸ்தருகிட்டக் கூட மூச்சு உடல. ஜெபத்துக்கு வந்தவ மனசக் கெடுப்பானேன்?

கூட்டத்துல நல்ல பாட்டு, எனக்கே கண்ணுல தண்ணி. திடீர்னு அந்தத் தீர்க்கதரிசி கண்ண மூடிக்கிட்டு, "இடது கால்ல புண்ணு இருக்கற மகளே, எந்திரி! ஊசி இனிமே உனக்கில்ல. விசுவாசம் இருந்தா இந்தக் கூடையில போடு!"ன்னாரு. எஸ்தர் ஓன்னு அழுதா. திரும்ப ராத்திரியாயிடும்னு பையில கொண்டாந்த இன்சுலின் பேனாவ எடுத்துக் கூடையில போட்டுட்டா. நானும் அல்லேலூயான்னு கத்துனேனுங்க.

அடுத்து கை எம் பக்கம் நீளுது. "மகளே, கரூர்ப் பொண்ணுதான் உன் ஊட்டு மருமக! வைகாசியில பந்தல் போடறதக் கர்த்தர் எனக்குக் காட்டறாரு!"

ஐயோ சாமி! உள்ளங்கால்ல இருந்து சில்லுன்னு ஏறுச்சு. செம்மேட்டுல வந்த போன் கர்த்தருக்குத் தெரியாதா? நான் வேன்ல பேசுன வரைக்குந்தான் தெரியுமா? திரும்பி ஷீலாவப் பாத்தேன். கண்ண மூடிக்கிட்டு "ஆமென்"ங்கறாங்க. வேன்ல சொன்ன அதே ஆமென்.

நேராப் போயி கூடையில கைய உட்டேன்.

"அம்மா! கர்த்தருக்குக் குடுத்ததத் தொடாதீங்க!"ன்னு ஷீலா கையப் புடிச்சாங்க.

"உடுங்க சிஸ்டர், இது எந் தங்கச்சி உசுரு."

பேனாவையும் எஸ்தரையும் இழுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன். அவளுக்கு ஆத்திரம்னா ஆத்திரம். "அவிசுவாசி! எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டியே! எம் பேரே தெரியாத மனுசன் இடது காலுன்னு எப்படிச் சொன்னாரு?"

"நாந்தான் சொன்னேன்."

"எப்ப?"

"நீ தூங்குனப்ப, ஷீலாகிட்ட. கரூர்ச் சம்பந்தத்தையும் சேத்துச் சொன்னேன். அது முறிஞ்சு போச்சு எஸ்தரு. செம்மேட்டுலதான் போன் வந்துச்சு. அது மட்டும் அந்தாளுக்குத் தெரியலயே?"

அவ எங் கையில இருந்த பேனாவ வாங்கிக்கிட்டா. வேன் டிரைவர் சலீம் பாய் எட்டிப் பாத்து, "ஏனுங்கம்மா, அதுக்குள்ள முடிஞ்சுதுங்களா?"ன்னாரு.

"எங்களுக்கு முடிஞ்சுதுங்க பாய்."

"சாயங்காலம் வரைக்கும் நான் சும்மாதான் நிக்கோணும். ஏறுங்க, செம்மேட்டுல பஸ் ஏத்தி உட்டுடறேன்."

வேன்ல பேனாவ மடியில வெச்சுக்கிட்டு எஸ்தர் மெதுவாக் கேட்டா. "அப்ப எம் புண்ணு ஆறாதாக்கா?" எனக்கு நெஞ்சே வெடிச்சுப் போச்சுங்க. "ஆறும் கண்ணு. ஜெபம் பண்ணிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

போறவிங்களுக்குச் சொல்றேன். மலையில குளுரும், சொட்டர் எடுத்துக்கங்க. சாயங்காலப் பஸ்ஸ நம்பாதீங்க, மத்தியானமே எறங்கிருங்க. மருந்தக் கீழ போடுன்னு யாரு சொன்னாலும், கர்த்தர் பேரச் சொல்லியே சொன்னாலும், எந்திரிச்சு வந்துருங்க. எந்த ஆவின்னு சோதிச்சுப் பாக்கச் சொல்லி வேதத்துலயே நமக்குச் சொல்லியிருக்குதுங்க. சோதிச்சாக் கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு. கோவிச்சுக்கறவன் யாருன்னு பாத்துக்கங்க.

திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரு புண்ணச் சுத்தம் பண்ணிட்டு, "ஊசிய மட்டும் உட்டிருந்தீங்கன்னா கால் தப்பிச்சிருக்காதும்மா"ன்னாரு. வெளிய பெஞ்சுல மருந்துக்கு உக்காந்திருந்தோம். பக்கத்துல ஒரு அம்மா, "ஏனுங்க, கால்ல என்னாச்சுங்க?"ன்னாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எஸ்தர் எந் தொடைய நறுக்குன்னு கிள்ளிப்போட்டா.