போகும்போது கேட்காத கேள்வி

புரூம்ஹில் தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து இன்றும் ஹட்டனுக்கு ஒரு பஸ் போகிறதென்றால், அதில் பாதி றோசலினால், மீதி வேலாயியால். இதைச் சொன்னால் வேலாயி ஒத்துக்கொள்ளமாட்டாள். "நான் என்னாத்தப் பண்ணுனேன்? அந்தப் புள்ளய ஏசுனேன், அவ்ளோதான்" என்பாள்.

றோசலின், தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்த வியாகுலத்தின் மகள். மேற்பிரிவு லயத்து வரிசைவீட்டிலேயே பிறந்து, அங்கிருந்தபடியே வெளிவாரியாகப் படித்துப் பட்டம் வாங்கியவள். பட்டம் இருந்தது, வேலைதான் இல்லை. அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகமொன்றிலிருந்து போக்குவரத்து ஆய்வுக் குழு ஒன்று வந்தது. மேற்பிரிவுக்கு வெள்ளோட்டமாக ஒரு பஸ் விட்டிருந்தார்கள். காலையில் கீழே போகும், மாலையில் மேலே வரும். அதற்குமுன் சந்திவரைக்கும் குறுக்குப்பாதையில் நடைதான். ஆட்கள் எங்கே, எதற்காகப் போகிறார்கள் என்று பார்த்துத்தான் அந்த பஸ்ஸை வைத்திருப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பார்கள். அதைக் கேட்டுப் பதியும் வேலை றோசலினுக்குக் கிடைத்தது.

"நம்ம ஆளுங்க எங்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்லப்போறாங்க?" என்று வீட்டில் பெருமையடித்துவிட்டு, கழுத்தில் அட்டையும் கையில் டெப்லெட்டுமாகப் பீலியடியில் போய் நின்றாள். மலைத்தண்ணீர் கொட்டும் அந்த இடத்தில்தான் பஸ் நிற்கும்.

முதல் கேள்வி, எங்கே போகிறீர்கள் என்பது.

"இந்தா, கீழ வரைக்கும்."

"சும்மாதான் புள்ள."

மூக்கன் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் பழப்பையுமாக வந்து, "சும்மா, காத்து வாங்க" என்றார். சிலர் பதிலே சொல்லாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறினார்கள். றோசலின் சொன்னதைச் சொன்னபடியே பதிந்தாள்.

கொஞ்ச நாளில் குழுவின் பொறுப்பாளர் விஜிதரன் தொலைபேசியில் அழைத்தார். "றோசலின், இதப் பாத்தா உங்க ஆளுங்க தோட்டத்த விட்டு வெளியவே போறதில்லபோல இருக்கே. இப்பிடியே போனா பஸ் தேவையில்லன்னுதான் அறிக்கை வரும். மாசக் கடைசியோட நிப்பாட்டிருவாங்க."

றோசலின் பதிந்ததையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தாள். தன் கையால் பதிந்ததை வைத்தே தன் லயத்து பஸ்ஸை எடுத்துவிடப் போகிறார்கள். மறுநாள் விடாமல் கேட்பது என்று போனாள்.

அன்று வேலாயிக்குக் கிளினிக் நாள். சீனி வியாதி, கால் வீக்கம். வெளுத்த சேலை கட்டி, மருந்துப் பையை இடுக்கிக்கொண்டு, ஒரு காலைப் படியில் வைத்த நேரத்தில் றோசலின் குறுக்கே வந்தாள்.

"அக்கா, எங்கக்கா போறீங்க? இன்னைக்காவது உண்மையச் சொல்லுங்க."

வேலாயி வைத்த காலை எடுத்துவிட்டாள்.

"அடிப்பாவி மகளே! ஏறுற நேரத்துல எங்க போறன்னு கேக்குறியே, போற காரியம் வெளங்குமா? படிச்ச புள்ளயா நீ? வியாகுலண்ணன் இதத்தான் சொல்லிக்குடுத்தாரா?"

"ஐயோ அக்கா, எழுதுறதுக்குத்தான்…"

"எழுது. வேலாயி வீட்டுக்குத் திரும்பிட்டான்னு எழுது."

சொன்னபடியே திரும்பிவிட்டாள். சகுனம் தப்பினால் வீட்டுக்குள் போய்க் கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும். சாரதி அழகன் ஹோர்ன் அடித்தான். "யக்கா, தண்ணிய பஸ்ஸுல குடிக்கலாம், வாங்க!" பஸ்ஸே சிரித்தது. வேலாயி திரும்பிப் பார்க்கவில்லை. அழகனும் எவ்வளவு நேரம்தான் நிற்பான்? அவள் வெளியே வந்தபோது பஸ் வளைவைத் தாண்டிவிட்டது. றோசலினை ஏறிட்டும் பாராமல், தூறலில், வீங்கிய காலோடு குறுக்குப்பாதையில் இறங்கினாள்.

றோசலின் கூனிக்குறுகிப் போனாள். கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா? அவள் அம்மா கோயிலுக்குக் கிளம்பும்போதுகூட யாரும் கேட்டதில்லை. அட்டையை மாட்டியதும் மறந்துபோயிருந்தது.

மன்னிப்புக் கேட்பதற்காக மாலை பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். வேலாயி இறங்கினாள். றோசலின் வாயைத் திறக்குமுன் அவளே தொடங்கிவிட்டாள்.

"ஒன்னாலதான் கடைசி நம்பரு கெடச்சிச்சு. இருந்தாலும் சீனி கொறஞ்சிருக்குன்னு டொக்டரு சொன்னாரு. மார்க்கெட்டுல கருவாடு நல்லாருந்திச்சு, வாங்கிட்டேன். சின்னவனுக்கு சப்பாத்துதான் அளவு கெடைக்கல, திரும்பப் போவணும்."

பின்னால் மூக்கன். "நான் கினிகத்தேனைக்குப் போய்ட்டு வாறேன் தங்கச்சி. மகளுக்கு எடம் சரியாயிருச்சு. நல்ல மனுசங்க."

"அன்னைக்கி காத்து வாங்கப் போனதும் அங்கதானாண்ணே?"

"பின்ன? காரியம் முடியுமுன்ன சொல்லிருவாங்களா?"

இறங்கிய ஒவ்வொருவரும் சொல்ல ஏதோ வைத்திருந்தார்கள். "இருங்க, இருங்க, ஒவ்வொருத்தரா!" என்று றோசலின் அவசரமாக டெப்லெட்டைத் திறந்தாள்.

விஜிதரனிடம் சொன்னபோது அவர் விழுந்துவிழுந்து சிரித்தார். "எங்க வீட்டுலயும் இதே கததான். எனக்கே தோணாமப் போச்சே!" முன்பு பதிந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, இறங்குமிடத்தில் கேட்கும்படி கேள்வியை மாற்றினார். எங்கே போய்விட்டு வருகிறீர்கள்? பதில் கொட்டியது. ஆஸ்பத்திரி, டியூசன், பிரதேச செயலகம், வலப்பனையில் கட்டிக்கொடுத்த மகள் வீடு. எல்லோரும் ஒரே கிளினிக் நாளில் போய் நெரிபடுவதும், மற்ற நாட்களில் பஸ் காற்றாடுவதும் அப்போதுதான் தெரியவந்தது. குழு ஆஸ்பத்திரியில் பேசி, கிளினிக்குக்கு வருகிறவர்களைப் பிரித்து வேறுவேறு நாளுக்கு மாற்றும்படி கேட்டது, அவர்களும் இசைந்தார்கள். பெரட்டில், அதாவது காலையில் ஆள்கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் பிடிக்கும்படி காலை நேரம் தள்ளிப்போனது. பஸ் நின்றுவிடவில்லை.

றோசலினுக்குப் பிறகு ஹட்டனில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அதே பஸ்ஸில்தான் போய்வந்தாள். நோய் வந்தபிறகும் அதே பஸ்ஸில் இறங்கி, ஹட்டனில் கண்டி ரயில் பிடித்து, சிகிச்சைக்குப் போனாள். அந்தக் காலைகளில் ஒருவர்கூட எங்கே என்று கேட்கவில்லை. அழகன் பஸ்ஸைப் பீலிக்கு ஒட்டினாற்போல் நிறுத்துவான். வேலாயி ஜன்னலோர இடத்தை மருந்துப்பை போட்டுப் பிடித்துவைப்பாள். மாலையில் இறங்கியதும் நாலுபேர் சூழ்ந்துகொள்வார்கள். "எப்பிடிப் போச்சு டீச்சர்?" சோர்ந்து வந்தாலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் லயத்துக்குப் போவாள். சொல்லி முடிக்கும்போது அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும்.

போன கார்த்திகையில் போனவள் உயிரோடு திரும்பவில்லை.

அடக்கம் முடிந்த அடுத்த கிளினிக் நாளன்று வேலாயி மாலை பஸ்ஸிலிருந்து இறங்கினாள். றோசலின் நின்று கேட்ட பீலியடியில் யாருமில்லை. தண்ணீர்தான் கொட்டிக்கொண்டிருந்தது. பையைக் கல்மேல் வைத்து, முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போய்ட்டு வாறேன் புள்ள" என்றாள். "சீனி இப்ப நல்லாக் கொறஞ்சிருச்சு. சீட்டு கெடச்சிச்சு, ஒக்காந்துதான் வந்தேன்."