சம்மன் சேவகனைப் பாடிய இபோட்

கேன்டர்பரி சாலையில் உள்ள எங்கள் சத்திரத்துக்குப் பீர் காய்ச்சுகிறவள் இபோட். நெஞ்சழுத்தக்காரி. தங்க வரும் யாத்ரீகர் ஒருவரையும் விடாமல் பாட்டுக் கட்டுவாள். வெறுங்காலோடு வருவதாக நேர்ந்துகொண்டு குதிரையில் வந்த வியாபாரியும் தப்பவில்லை, நோன்பு நாளில் மாட்டுக்கறியை மீன் என்று சொல்லித் தின்ற துறவியும் தப்பவில்லை. பெயரை மட்டும் சொல்லமாட்டாள்.

அன்று மதியம், பாவங்களை விசாரிக்கும் திருச்சபைக் கோர்ட்டின் சம்மன் சேவகன் ஹேமன் வந்து, சாக்கைக் காலடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். அவன் நினைத்தால் பாவமே செய்யாதவளும் கோர்ட்டுப் படி ஏறவேண்டியதுதான்.

"என்னைப் பத்திப் பாட்டு வச்சிருக்கியாமே? பாடுடி, கேப்போம்."

இபோட் கையைத் துடைத்துக்கொண்டு பாடினாள். கோழி கொடுத்தால் பாவத்தை மறந்துவிடும் ஒரு சேவகனைப் பற்றிய பாட்டு. யாரும் சிரிக்கவில்லை.

ஹேமனின் முகம் சிவந்தது. ஆனால் கோபப்பட்டால் அது அவன்தான் என்று ஆகிவிடுமே! மேசையைத் தட்டிச் சிரித்தான்.

"அட, பக்கத்து ஊர்ச் சேவகன்! அச்சு அசல் அவனேதான்!"

அந்த நேரம் பார்த்து அவன் காலடியில் கிடந்த சாக்கு கொக்கரித்தது.

இபோட் குனிந்து பார்த்தாள்.

"அவரு கோழி உங்க சாக்குல என்னங்கய்யா பண்ணுது?"