அடுப்புக்கு மேலே காயவைத்த பேஸ் கிட்டார்

கொழுந்துக் கூடையின் கனத்தை என் முதுகே எனக்குச் சொல்லிவிடும். தராசில் ஏற்றுவதற்கு முன்பே எத்தனை கிலோ என்று சொல்வேன். ஒருமுறை கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ குறைத்துச் சொன்னார். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க ஐயா, ஒங்க தராசுக்குத்தான் சுகமில்ல" என்றேன். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் தராசைத் தட்டிப் பார்த்தார். முள் சிக்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு என் கொழுந்தைப் பற்றி யாரும் என்னோடு வாய் கொடுத்ததில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் கனத்தில் என்னை யாராலும் ஏமாற்ற முடியாது.

என் வீட்டுக்காரர் தேயிலை பெக்டரியில் தூள் காயவைக்கும் அறையில் வேலை செய்தார். வேலை இல்லாத நாளில் பாட்டுக் கோஷ்டியில் பேஸ் கிட்டார் வாசிப்பார். நான்கே நான்கு கம்பி, ஒவ்வொன்றும் கொடிக்கயிறு மாதிரி தடிப்பு. கலியாணம், கோயில் திருவிழா என்று நோர்வூட்டிலிருந்து அந்தப் பக்கம் திம்புள்ள வரைக்கும் அவர்களைக் கூப்பிடுவார்கள். பாடுகிறவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் பின்னால் இருட்டில் நிற்பார். அவர் வாசிப்பது காதில் விழுவதை விட வயிற்றில்தான் விழும். கலியாணமான புதிதில் நான் அவரிடம் கேட்டேன், "நீங்க வாசிக்கிறது ஒண்ணுமே கேக்கலையே." அவர் சொன்னார், "நான் நிறுத்துனா கேக்கும் பாரு."

அந்தக் கிட்டார் தோட்டத்தை விட்டுப் போன ஒரு துரையின் மகன் கொடுத்துவிட்டுப் போனது. ஜப்பானில் செய்தது. காய்ந்த மிளகாய் நிறம். கழுத்து மண்வெட்டிப் பிடி போலப் பருமன். கம்பிகள் வந்து முடிகிற இடத்தில் ஒரு வெள்ளித் தகடு, அந்தத் தகட்டுக்கு அடியில் ஒரு ஸ்பொஞ்சுத் துண்டு. அந்தத் துண்டு இருந்தால்தான் சத்தம் இழுபடாமல் தும் தும் என்று விழுமாம். கிட்டாரைத் தோளில் மாட்டினால் பாதிக் கூடை பச்சைக் கொழுந்தின் கனம். நான்தான் அதைத் தூக்கி அவர் தோளில் போட்டுவிடுவேன். அதனால் எனக்குத் தெரியும்.

மகள் கைக்குழந்தையாக இருந்த வருசம், ஆடி மழை விடாமல் அடித்தது. அவர் தன் அக்கா வீட்டுக் காரியம் ஒன்றுக்குப் பசறைக்குப் போயிருந்தார். நாங்கள் இருந்த லயத்து வீட்டுக் கூரைத் தகரம் ஓர் ஓரம் பிய்ந்துபோய், தண்ணீர் சுவரில் இறங்கி, சாத்திவைத்திருந்த கிட்டார் பை முழுக்க நனைந்துவிட்டது. நான் காலையில்தான் பார்த்தேன். பையை அவிழ்த்துக் கிட்டாரைத் துடைத்தேன். துடைத்தும் ஈரம் போகவில்லை. எங்கள் ஊரில் ஆடி மாதத்தில் எது ஈரமானாலும் ஒரே வழிதான். பிள்ளையின் துணி, விறகு, பள்ளிக்கூடத்துச் சப்பாத்து எல்லாம் அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில்தான் காயும். கிட்டாரையும் அங்கே ஏற்றினேன். மூன்று நாள் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டேன். நல்ல காரியம் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அவர் வந்து இறக்கிப் பார்த்தார். கழுத்து வில்லைப் போல வளைந்திருந்தது. ஒட்டிய பலகை ஓரமாக வாய் திறந்திருந்தது. அவர் கத்தவில்லை. படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நான் பெக்டரியில தூளக் காயவைக்கிறேன். நீ வீட்டுல கிட்டாரக் காயவச்சிட்ட." பிறகு எழுந்து வேலைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, "அடுப்புக்கு மேல வச்சது வச்சிட்ட. உள்ளயே தள்ளிரு. நான் வரும்போது அது கண்ணுல படக்கூடாது" என்றார்.

எனக்குக் கை வரவில்லை. உரச் சாக்கில் சுற்றி, எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிசனில் இருந்த என் அம்மா வீட்டுக்குத் தூக்கிப்போய், அங்கே பரணில் பழைய சாமான்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அவர் வந்ததும் கேட்டார், "போட்டுட்டியா?" நான், "போட்டுட்டேன்" என்றேன். அந்த ஒரு சொல்லை அப்போதே மாற்றியிருக்கலாம். மறுநாள் மாற்றியிருக்கலாம். ஒரு மாதம் போனதும் மாற்ற முடியவில்லை. பொய் சொன்னவள் என்று அவர் வாயிலிருந்து கேட்க எனக்கு மனம் இல்லை. தராசைத் திருத்தியவள் அல்லவா நான்.

அதற்குப் பிறகு இரவல் கிட்டார்களில் வாசித்தார். கோஷ்டியும் கலைந்தது. எல்லோருக்கும் வயதாகிவிட்டது. நோர்வூட் டவுனில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவும் ஒரு காலத்தில் பேஸ் வாசித்தவர். அவர் கடையில் வைத்துப் போனில் காட்டியபோதுதான் தெரிந்தது, அதே கிட்டாருக்காக உலகத்தில் எங்கெங்கோ கிழவர்கள் ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று. அந்தக் கம்பெனி அந்தப் பழைய மாடலை இருந்தது இருந்தபடியே மறுபடி செய்ய வேண்டும் என்று எழுதி எழுதிக் கேட்கிறார்களாம். நானா வாசித்துச் சொல்ல, என் வீட்டுக்காரர் பதில் சொல்வார்.

"இவன் சொல்றான், கழுத்து அதே தடிப்பு இல்லாட்டி எனக்கு வேணாமாம்."

"சரியாத்தான் சொல்றான்."

"இன்னொருத்தன் சொல்றான், ஸ்பொஞ்சுத் துண்ட மறந்துறாதீங்கடான்னு."

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, நானா. அவன் எந்த ஊரு?"

நான் கடை வாசலில் மரக்கறிப் பையோடு நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். வளைந்ததுதான், ஆனாலும் அந்த அசல் மூன்று மைல் தள்ளி ஒரு சாக்குக்குள் கிடக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

பிறகு உண்மையிலேயே கம்பெனி அதை மறுபடி செய்தது. கட்டாரில் வேலை செய்யும் எங்கள் மகள் லீவில் வரும்போது வாங்கி வந்தாள். நானா ஆம்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். அதே மிளகாய் நிறம், அதே வெள்ளித் தகடு. என் வீட்டுக்காரர் மடியில் வைத்து ரொம்ப நேரம் வாசித்தார். மகள், "எப்புடிப்பா?" என்றாள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், "அதேதான்."

வாசித்து முடித்ததும் நான் வாங்கிச் சுவரில் மாட்டினேன். தூக்கின உடனே கைக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கிலோவுக்கு மேல் குறைவு. எனக்காகச் சொல்கிறார் என்று விளங்கியது. இத்தனை வருசமாக என் மனதில் இருந்ததை இறக்கிவைக்கத்தான் 'அதேதான்' என்றார். அவர் என்னை மன்னித்தது ஒரு பொய்யால். அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டதும் இன்னொரு பொய்க்குள் நின்றுகொண்டுதான்.

மகள் திரும்பிப் போன பிறகு, ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும் ஸ்பொஞ்சை அவர் கத்தரிக்கோலால் நறுக்குவதைப் பார்த்தேன். தகட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறார், அடியில் வெறும் இடம். இன்னொரு நாள் கிட்டாரின் மெல்லிய கழுத்தில் துணிப் பிளாஸ்டரைச் சுற்றிப் பருமனாக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "சும்மாதான் புள்ள, கை வழுக்குது" என்றார். நானா அங்கேதான் இருந்தார். "மச்சான், பழசு ஒண்ணு கையில கெடச்சா அளவெடுத்து அட்டன்ல தச்சு வேலை பாஸ்கிட்ட குடுத்துப் புதுக் கழுத்தே செஞ்சி எடுக்கலாம். படத்தப் பாத்துச் செய்ய ஏலாதே" என்றார்.

அடுத்த நாள் நான் கீழ் டிவிசனுக்குப் போனேன். அம்மா செத்து எத்தனையோ வருசம். இப்போது அங்கே என் தம்பி குடும்பம். தம்பி பெண்சாதி பரணில் ஏறிச் சாக்கை இறக்கித் தந்தாள். "எதுக்கு அண்ணி இப்ப?" என்றாள். கொழுந்து தூக்குவது போலக் கயிற்றை நெற்றியில் மாட்டி முதுகில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினேன். அதே கனம்.

வீட்டில் நானாவும் இருந்தார். நான் சாக்கைக் கீழே வைத்து அவிழ்த்தேன். "நான் அடுப்புல போடல" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

என் வீட்டுக்காரர் கழுத்தின் பின்பக்கம் பெருவிரலை வைத்தார். அவர் விரல் தேய்த்துத் தேய்த்து மினுக்கான இடம் இன்னும் இருந்தது. நானா அதை வாங்கி, துப்பாக்கியைப் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் நீளமாகப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "தங்கச்சி, அன்னைக்கே கொண்டுவந்திருந்தா இதக் கட்டி நிமித்தியிருக்கலாம். லேசான வளைவுதான். இப்ப மரம் இப்புடியே பழகிப் போச்சி."

நான் கீழே கிடந்த சாக்கை மடிக்கத் தொடங்கினேன்.

"விடுங்க நானா" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு என்னிடம், "இம்புட்டுக் காலமும் இது எங்க இருந்துச்சி?"

"கீழ் டிவிசன்ல, தம்பி வீட்டுப் பரண்லங்க."

"ஒவ்வொரு பொங்கலுக்கும் அதுக்குக் கீழதானே ஒக்காந்து சாப்பிட்டேன்." அவர் சிரிக்கத்தான் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. நான்கு நாள் என்னோடு பேசவில்லை. தேத்தண்ணியைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், முகத்தைப் பார்க்க மாட்டார். கிட்டாரைக் கெடுத்ததற்கு அவர் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. ஐந்தாம் நாள் தானாகவே சொன்னார், "எங்கிட்ட சொல்லியிருக்கலாம் புள்ள. நான் என்ன ஒன்ன அடிச்சா போடப் போறேன்?" அதைத்தான் இன்றுவரைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று பேருமாக அட்டனுக்குப் போய்த் தச்சரிடம் அளவு கொடுத்தோம். தச்சர் சொன்னார், "செஞ்சிரலாம். ஆனா மரம் நெழல்ல கெடந்து தானாக் காயணும். இந்த ஊரு குளுருக்கு ஆறேழு மாசம் புடிக்கும். அவசரப்பட்டா வளஞ்சிரும்."

என் வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பில்லாமல் சொன்னார், "அவசரம்னா எங்க வீட்டுக்காரிகிட்ட குடுங்க. மூணு நாள்ல காயவச்சிருவா." நானா விழுந்து விழுந்து சிரித்தார். தச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் சிரித்தேன். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் கடைசி.

மரம் காய்வதற்குள் அவர் போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டி, ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். சாவுக்கு வந்தவர்கள் புதுக் கிட்டாரைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்கள், அவர் ஆசைப்பட்டது என்று. கழுத்தில் துணிப் பிளாஸ்டர் சுற்றியபடியே இருந்தது. நான் தடுக்கவில்லை. அதுவும் மகள் ஆசையாக வாங்கி வந்ததுதானே.

நானா புதுக் கழுத்தைக் கொண்டுவந்தபோது முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்திருந்தது. பழைய கிட்டாரின் வாய் திறந்த பலகையை ஒட்டி, புதுக் கழுத்தை அதில் பொருத்தி, கம்பி மாட்டி, என் கையில் தந்தார். "தங்கச்சி, நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

தூக்கினேன். தோளில் போட்டுப் பார்த்தேன். "சரியா இருக்கு" என்றேன். அவர் நான்கு கம்பியையும் ஒரு தடவை தட்டினார். சீனி வியாதியில் அவர் விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன. அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. ஆனாலும் தும் என்று வயிற்றில் விழுந்தது.

அளவுகளையும் படத்தையும் அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார். இன்னொரு தடவை செய்யும்போதாவது கம்பெனி சரியாகச் செய்யட்டும் என்றார்.

"அனுப்புங்க. கழுத்து ஏன் புதுசுன்னு கேப்பாங்களே."

"மழையில கெட்டுப் போச்சின்னு போடுவோம்."

"வேண்டாம் நானா. அடுப்புக்கு மேல வச்சேன்னு போடுங்க. ஒளிச்சு வச்சதையும் போடுங்க."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு போனை எடுத்து இங்கிலீசில் எழுதத் தொடங்கினார். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் கேட்டுக்கொண்டேன்.