முதல் விமானம் ஏறாத அண்ணன்

டிராவல்ஸ் ஆபீசில் அவளுக்கு 'ஆறெழுத்து' என்று பட்டப்பெயர். ஒவ்வொரு முன்பதிவுக்கும் ஆறெழுத்தில் ஓர் எண் உண்டு. நாலு வருஷத்துக்கு முன் பறந்தவரின் எண்ணைக்கூடத் தூக்கத்தில் சொல்லுவாள். அவள் கீபோர்டைத் தட்டினால் ஓடுபாதையில் போகிற விமானமே நின்று, "என்னம்மா வேணும்?" என்று கேட்குமாம். நம்பாதவர்கள் பஸ்ஸில் போகட்டும்.

இருபத்தொரு வருஷம் சுற்றுலாக் கூட்டங்களை மேய்த்துக்கொண்டு பறந்தவள். பறந்த தூரமெல்லாம் விமான கம்பெனியில் மைல்களாகச் சேர்ந்தது. போதிய மைல் சேர்ந்தால் ஒரு டிக்கெட் இலவசம். அதைக் குடும்பக் கணக்கில் போட்டதுதான் அவள் செய்த மடத்தனம். கணக்குக்குத் தலைவர் அண்ணன். எடுக்கும் உரிமை தலைவருக்கு மட்டும். அண்ணனோ ஏணியில் ஏறினாலே தலைசுற்றுகிற ஆசாமி, ஒரு மைல் சேர்த்தவரில்லை.

கடல் தாண்டிய ஊரில் மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது. கேட்டாள்.

"அண்ணே, பிள்ளை அங்கே பெரியவங்க துணையில்லாம பயந்துட்டிருக்கா. மைல்ல ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுங்க."

"அடடா, நேத்துதான் மொத்தத்தையும் எடுத்தேன். அந்த ஊர்லதான் என் கூட்டாளிக்கு அறுபதாவது பிறந்தநாள். முன்வரிசையில காலை நீட்டிப் படுத்துட்டுப் போகப்போறேன்."

"அது நான் பறந்த மைல்."

"கணக்கு யார் பேர்ல இருக்கு? இதெல்லாம் டிக்கெட் தட்டுறவளுக்கு நான் சொல்லணுமா?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு இவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்து நின்றது.

கைக்காசைப் போட்டு, அண்ணன் போகும் அதே நாளில் அதே விமானங்களுக்கு டிக்கெட் எடுத்தாள். நடுவில் மாறும் ஊர் வரைக்கும் இடம் உறுதி. அங்கிருந்து கடல் தாண்டும் பெரிய விமானத்தில் இடமில்லை. வெயிட்டிங் லிஸ்ட்டில் முதல் ஆள். அடுத்த விமானம் ஒரு வாரம் கழித்து. டாக்டர் சொன்ன தேதி அதற்குள் வந்துவிடும்.

மறுநாள் அண்ணன் ஆபீசுக்கே வந்தார்.

"மாறுற ஊர்லதானே என் மச்சினன் வீடு? முந்தின நாளே கார்ல போய்டறேன். முதல் விமானம் எனக்கு வேண்டாம், பெரிய விமானத்துல மட்டும் ஏறிக்கிறேன். நீ பாட்டுக்கு என் டிக்கெட்ல கைவைக்காதே, தெரியுதா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. முதல் விமானத்துக்கு வராதவன் பயணத்தையே கைவிட்டவன் என்பது கம்பெனிச் சட்டம். அவன் வராத அந்த நிமிஷமே மிச்ச விமானங்களும், திரும்பி வருவதும் சேர்ந்து ரத்தாகும். முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னால் மாற்றித் தருவார்கள். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. கடித்து விழுங்கினாள்.

"சரிண்ணே. தொடவே மாட்டேன்."

வாசல்வரை போய்க் கார் கதவையும் திறந்துவிட்டாள்.

மாறும் ஊரின் கவுன்டரில் அண்ணன் குரல் கூரையைத் தொட்டது.

"சீட் இல்லையா? நான் யார் தெரியுமா?"

"தெரியும் சார். காலையில முதல் விமானத்துக்கு வராதவர். உங்க பயணம் அப்பவே ரத்தாயிடுச்சு."

திரும்பினார். இரண்டு ஆள் தள்ளி, பெட்டியோடு தங்கை.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ணே."

"பாவி, ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. மைலை எடுக்கும்போதும் என்னைக் கேக்கலையே."

அண்ணன் குரல் இறங்கியது. "சரி, நடந்தது நடந்துபோச்சு. யாருக்காவது ஒரு போன் போடும்மா. உனக்கு ஆள் தெரியும்ல?"

தெரியும். கம்பெனி மேலாளரின் எண் அவளுக்கு மனப்பாடம். போட்டால் நடக்கவும் கூடும். போனைக் கையில் எடுத்தாள். அண்ணனின் முகத்தை ஆற அமரப் பார்த்தாள். மறுபடி பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

முன்வரிசையில் காலியான அண்ணனின் இடத்துக்குச் சாதா வரிசைப் பயணி ஒருவரை மாற்றிவிட்டு, கவுன்டர் பெண் கூப்பிட்டாள்.

"வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் ஆள் யாரு?"

"கொஞ்சம் வழி விடுங்கண்ணே," என்றாள் ஆறெழுத்து.

அவள் போய் இறங்கிய மூன்றாம் நாள் மகளுக்கு வலி கண்டது. பிரசவ அறை வாசலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பைக்குள் போன் அதிர்ந்தது. அண்ணன். பதினெட்டாவது தடவை.

"யாருங்க அத்தை?" என்றான் மருமகன்.

"யாரா இருந்தா என்ன மாப்பிள்ளை, ஆஸ்பத்திரியில சத்தம் கூடாது," என்று சொல்லி போனை அணைத்தாள்.